காவி ஏறிய பல்லோடு அரசு மருத்துவமனைக்குப் போகுமுன்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் பலருக்கு முன்பற்களில் சுண்ணாம்பு தீற்றியது போல வெள்ளைத் திட்டு இருக்கும். வயது ஏற ஏற அது பழுப்பாகும். "ஒழுங்கா பல்லு வெளக்கு" என்று வகுப்பில் நிற்கவைத்துத் திட்டுவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளை மேல் ஒரு தவறும் இல்லை. நிரந்தரப் பல் ஈறுக்குள் உருவாகும் வயதில் குடித்த தண்ணீரிலிருந்த ஃபுளோரைடு என்கிற உப்பு செய்த வேலை அது. தேய்த்தால் போகாது. ஒரே ஒரு பல் மட்டும் கறுத்திருந்தால் கதை வேறு: பெரும்பாலும் அடிபட்ட பல்லாக இருக்கும், உடனே காட்டுங்கள்.

ஆர்.பி.எஸ்.கே. என்கிற சிறார் நலத் திட்டம் 2013-இல் வந்தது. பிறந்ததிலிருந்து 18 வயது வரை பரிசோதனையும் மேல்சிகிச்சையும் இலவசம், பல் பிரச்சினையும் அதில் அடக்கம். மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறை, பள்ளிக்கு ஒரு முறை வரவேண்டும்.

சிக்கல் இனிமேல்தான். குழு போவது அரசுப் பள்ளிக்கும் அரசு உதவி பெறும் பள்ளிக்கும் மட்டும். கடன் வாங்கி மெட்ரிக் பள்ளியில் சேர்த்தவர்கள் காத்திருக்க வேண்டாம், நேராக அரசு மருத்துவமனைப் பல் பிரிவுக்குப் போய்விடுங்கள். குழு வந்த அன்று பிள்ளை லீவு என்றால் ஒரு வருடம் போய்விடும். தேதியைத் தலைமையாசிரியரிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

"பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று பள்ளிக்கு வந்த குழு வாயால் சொன்னால் போதாது. பரிந்துரைச் சீட்டு கையில் வரும்வரை நகராதீர்கள். சீட்டில்லாமல் போன ஒரு தாயை ஓ.பி.யிலிருந்து பல் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே "இது அழகுக்குப் பண்றதும்மா" என்றார்கள். டி.இ.ஐ.சி. என்கிற, குழு அனுப்பும் பிள்ளைகளைப் பார்க்கும் மாவட்ட மையத்தில் "யார் அனுப்பினது, சீட்டு எங்கே?" என்றார்கள். அதற்குள் ஓ.பி. நேரம் முடிந்தது. ஒரு நாள் கூலி போயிற்று, பிள்ளை வாயைத் திறந்து ஒருவரும் பார்க்கவில்லை. முடியாது என்று யார் சொன்னாலும் காரணத்தை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதச் சொன்னதும் சிலர் நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்வார்கள்.

முதல்வர் காப்பீட்டு அட்டையை நம்பித் தனியார் கிளினிக்கில் உட்காராதீர்கள். கறை நீக்கவோ கிளிப் போடவோ அது உதவாது.

தெத்துப்பல்லுக்குக் கிளிப் போட அரசுப் பல் மருத்துவக் கல்லூரிதான் வழி. சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டையில் இருக்கிறது. ஒன்றரை, இரண்டு ஆண்டு திரும்பத் திரும்பப் போகவேண்டும். பஸ் செலவையும் விடுப்பையும் கணக்குப் பார்த்த பிறகே தொடங்குங்கள், பாதியில் விட்டால் பல் பழையபடி நகரும்.

தெருவோரத்தில் ஆசிட் தடவி வெளுக்க வைப்பவரிடம் பிள்ளையைக் காட்டவே காட்டாதீர்கள். பல்லின் வெளிப்பூச்சான எனாமல் அரித்துப்போனால் திரும்ப வளராது. தனியாரிடம் போவதானால் தமிழ்நாடு பல் மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணைக் கேளுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் தண்ணீரைக் கவனியுங்கள். கொதிக்க வைத்தால் ஃபுளோரைடு போகாது, வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருகிற ஊரில் போர் தண்ணீரைச் சமையலுக்கும் எடுக்க வேண்டாம். போர் தண்ணீர்தான் கதி என்றால் குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் சோதிக்கக் கொடுங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு இருந்தால் அது குடிக்கிற தண்ணீர் இல்லை. ஊராட்சி பழைய சோதனை முடிவைக் காட்ட மறுத்தால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும்.