ஜிபிஎஸ்ஸுக்கு சார்ஜர் போடப்போய் வண்டியைக் கருக்காதீர்கள்

போன மே மாதம் ஒரு மத்தியானம், சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பி ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்கு வந்தார். சீட்டைக் கழற்றும் முன்பே வாடை சொல்லிவிட்டது, ஒயர் கருகியிருக்கிறது என்று. டேங்கைத் தூக்கிப் பார்த்தால், பேட்டரியிலிருந்து ஹேண்டில்பாருக்குப் போன மெல்லிய சிவப்பு ஒயர் ஒன்று முழு நீளத்துக்கும் உருகி, செம்பு கறுத்துக் கிடந்தது. வண்டியின் சொந்த ஒயரிங்கோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் பக்கத்து ஒயர்கள் நாலையும் உருக்கிவிட்டிருந்தது. அதற்கும் பெட்ரோல் டேங்குக்கும் இடைவெளி இரண்டு விரல்.

“மேப் பார்க்க யூஎஸ்பிதான் அண்ணே போட்டேன். வெறும் அஞ்சு வோல்ட்டு, அது எப்படி எரியும்?” என்றார்.

இந்தக் கேள்வியை வேறு வேறு ஆட்களிடம் நிறையக் கேட்டுவிட்டேன். அஞ்சு வோல்ட் என்பது போன் குத்தும் இடத்தில்தான். பேட்டரியிலிருந்து, அதை அஞ்சாகக் குறைக்கிற பெட்டி வரை போகிற ஒயரில் 12 வோல்ட். இன்ஜின் ஓடும்போது 14 வரை. வண்டியின் சேஸிஸ் முழுக்க எர்த், அதாவது பேட்டரியின் நெகட்டிவோடு சேர்ந்த இரும்பு. ஹேண்டிலைத் திருப்பும் ஒவ்வொரு முறையும் கழுத்துப் பகுதியில் அந்த ஒயர் இரும்பில் உரசுகிறது. ஒரு நாள் தோல் தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டால், பேட்டரி தன்னிடம் உள்ளதையெல்லாம் அந்த ஒரு ஒயர் வழியாகக் கொட்டும். பைக் பேட்டரி சின்னதுதான், ஆனால் செல்ஃப் மோட்டாரைச் சுழற்றும் பேட்டரி அது. நூல் மாதிரி ஒயர் சிவப்பாகப் பழுக்க அது தாராளம். தம்பியின் வண்டியில் நடந்தது இதுதான். நேராக பேட்டரியில் முடுக்கியிருந்தார். நடுவில் ஃபியூஸ் இல்லை.

ஃபியூஸ் எத்தனை ஆம்பியர்? போனுக்கு 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 10 வாட். மாற்றும்போது ஆகிற நஷ்டத்தையும் சேர்த்து 12 வாட் வையுங்கள். 12 வோல்ட்டில் அது சுமார் ஒரு ஆம்பியர்தான். அதனால் 2 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அதைப் பேட்டரிக்குப் பக்கத்தில், ஒரு சாண் தூரத்துக்குள் போட வேண்டும். ஹேண்டில்பார் பக்கம் போட்டால், அதற்கு முன்னால் இருக்கிற ஒயருக்குக் காவல் கிடையாது. ஃபியூஸ் போனதும் 15 ஆம்பியரை மாட்டுவது, சிகரெட் பாக்கெட் ஈயத்தாளைச் சுற்றுவது, இதெல்லாம் ஃபியூஸே போடாததற்குச் சமம்.

சரி, பெட்டிக்கு வருவோம். தம்பி சோப்பு டப்பாவுக்குள் 7805 ரெகுலேட்டர் வைத்திருந்தார், வோல்ட்டேஜை 5-க்கு இறக்கும் குட்டி ஐசி. வீடியோவில் பார்த்தாராம். மூன்று கால், இரண்டு கெப்பாசிட்டர், வேலை முடிந்தது. படித்த பிள்ளைகள் செய்கிற தப்பும் இதுதான். 7805 மிச்ச வோல்ட்டேஜை வெறும் சூடாக எரித்துத் தள்ளும். 14 வோல்ட் உள்ளே போய் 5 வெளியே வர, போன் ஒரு ஆம்பியர் இழுத்தால் போனுக்குக் கிடைப்பது 5 வாட், டப்பாவுக்குள் சூடு 9 வாட். நாங்கள் வைத்திருக்கும் 25 வாட் சால்டரிங் அயர்னில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். பிளாஸ்டிக் டப்பாவுக்குள் அந்தச் சூடு எங்கே போகும்? அளவு மீறினால் 7805 தன்னையே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் திரும்ப ஓடும். “சார்ஜ் ஏறுது, நிக்குது, ஏறுது அண்ணே, கேபிள் லூஸ்னு நினைச்சேன்” என்று அவர் சொன்னதற்குக் காரணம் அது. கேபிளை மூன்று முறை மாற்றியிருக்கிறார், பாவம்.

அதற்குப் பதில் பக் கன்வர்ட்டர்: மிச்ச வோல்ட்டேஜை எரிக்காமல், கரண்ட்டை வேகமாக விட்டு விட்டுக் கொடுத்துக் குறைக்கிற சர்க்யூட். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் அந்த வகை எல்எம்2596 மாட்யூல் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும், சூடும் குறைவு. ஆனால் அதில் ஒரு குட்டி பித்தளை ஸ்க்ரூ உண்டு. வெளியே வரும் வோல்ட்டேஜை அதுதான் முடிவு செய்கிறது. வாங்கிய கையோடு அது எத்தனையில் நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமாட்டார்கள். முதலில் மல்டிமீட்டர், அப்புறம்தான் போன். 5.1 வோல்ட்டில் வைத்து, வண்டி அதிர்வில் ஸ்க்ரூ நகராமல் இருக்க ஒரு சொட்டு நெயில் பாலிஷ். (என் டூல் பாக்ஸில் சிவப்பு நெயில் பாலிஷைப் பார்த்து நமுட்டுச் சிரிப்பு சிரிக்கிறவர்கள் உண்டு. இருக்கட்டும்.) இந்த மாட்யூலுக்கு இன்னொரு கெட்ட பழக்கம்: உள்ளே ஐசி ஷார்ட் ஆனால் 12 வோல்ட் அப்படியே போனுக்குள் போய்விடும். தண்ணீர் பட்டால் அதற்கான வாய்ப்பு கூடும். என்னைக் கேட்டால், எபாக்சி பிசின் ஊற்றி முழுசாக அடைத்த, 12-லிருந்து 5-க்கு மாற்றும் கன்வர்ட்டரை வாங்கிவிடுங்கள். ஒயர் இழுப்பதை மட்டும் நீங்கள் செய்யுங்கள். கைவேலை ஆசை அதிலேயே தீர்ந்துவிடும்.

கன்வர்ட்டரை எங்கே வைப்பது என்பதிலும் விஷயம் இருக்கிறது. சீட்டுக்கடியில் வைத்து, அங்கிருந்து 5 வோல்ட்டை மெல்லிய யூஎஸ்பி கேபிளில் ஒரு மீட்டர் இழுத்தால், 2 ஆம்பியர் ஓடும்போது போய்வருகிற வழியிலேயே 0.8 வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். போனுக்கு 4.2 வோல்ட்தான் போய்ச் சேரும். மேப் ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜும் ஏறுவதாகக் காட்டும், பர்சென்ட் மட்டும் இறங்கிக்கொண்டே இருக்கும். நீளமான தூரத்தை 12 வோல்ட்டில் கடந்து, ஹெட்லைட் டூமுக்குள் கன்வர்ட்டரை வைத்தால் இந்தப் பிரச்சினை இல்லை.

வண்டி ஒயரிங்கிலிருந்து லைன் எடுப்பதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். காரில் பழகிய பழக்கத்தில் கறுப்பு என்றால் எர்த் என்று நினைத்துவிடுகிறார்கள். ஹோண்டா, ஹீரோ வண்டிகளில் பச்சைதான் எர்த். கறுப்பு, சாவி போட்டதும் பாசிட்டிவ் வருகிற லைன். யமஹாவில் கறுப்பு எர்த், பிரவுன் சாவி லைன். நிறத்தை நம்பாமல் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பாருங்கள்: சாவி போட்டால் எரிய வேண்டும், எடுத்தால் அணைய வேண்டும். பழைய கார்பரேட்டர் வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போவது, இன்ஜின் சுற்றும்போது கரண்ட் தரும் மேக்னட்டிலிருந்து நேராக வருகிற ஏசி கரண்ட். அந்த ஒயரில் டெஸ்ட் லேம்ப் எரியும், கன்வர்ட்டர் செத்துப்போகும். இன்ஜினை அணைத்து சாவியை மட்டும் போட்டால் அந்த லைனில் கரண்ட் வராது. அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம்.

நேராக பேட்டரியில் கொடுத்தால் என்ன என்று கேட்பார்கள். போன் குத்தாவிட்டாலும் மாட்யூலும் அதன் எல்இடியும் சேர்ந்து 20 மில்லி ஆம்பியர் குடிக்கும் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு அரை ஆம்பியர் ஹவர். சின்ன வண்டிகளில் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவோ 3 ஆம்பியர் ஹவர். தீபாவளிக்கு ஊருக்குப் போய் ஆறு நாள் கழித்து வந்தால் வண்டி பிணம். செல்ஃப் அதற்கு முன்பே கைவிட்டிருக்கும்.

ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றாதீர்கள். சென்னை வெயிலில் அந்தப் பசை அல்வா மாதிரி இளகி, இரண்டு மாதத்தில் டேப் தானாக அவிழும். நல்ல கிரிம்ப் (ஒயரை உலோகக் குழாயில் அழுத்திப் பிடிப்பது), மேலே சூடு பட்டால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். சால்டர் வைத்தால், ஈயம் முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். வைத்தே ஆக வேண்டுமென்றால் அந்த இடம் ஆடாதபடி கட்டுங்கள். கழுத்தில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பார்த்து, கொஞ்சம் தொய்வு விட்டு, ஒயர் மேல் ஸ்லீவ் ஏற்றுங்கள். சாக்கெட் வாய் கீழே பார்க்கட்டும், ரப்பர் மூடி இருக்கட்டும். வாரண்டியில் இருக்கிற வண்டி என்றால் கம்பெனி ஒயரிங்கை வெட்டவே வேண்டாம், ஒயர்கள் சேரும் பிளக்கான கப்ளரில் இடைச்செருகல் போடலாம்.

கார்மின் மாதிரி பழைய ஜிபிஎஸ் கருவி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று: சாதா டேட்டா கேபிள் குத்தினால், கம்ப்யூட்டரோடு சேர்த்துவிட்டதாக நினைத்து அது மேப்பை மூடிவிடும். அதற்கென்று வரும் பவர் கேபிள்தான் வேண்டும். போனில் கதை வேறு. சாக்கெட்டின் நடு இரண்டு பின்களும் ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால்தான் பல போன்கள் அதைச் சார்ஜர் என்று ஒத்துக்கொண்டு 1.5 ஆம்பியர் வரை இழுக்கும்; இல்லையென்றால் அரை ஆம்பியரிலேயே நிற்கும்.

மவுண்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரிய இன்ஜின் பைக்கின் அதிர்வு ஐபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று ஆப்பிளே 2021-ல் எச்சரித்தது. அதிர்வை விழுங்கும் ரப்பர் டேம்பர் உள்ள மவுண்ட் கொஞ்சம் காப்பாற்றும்.

தம்பியின் வண்டிக்கு அன்று சாயங்காலம் வரை ஒயரிங் வேலை. புது லைன், 2 ஆம்பியர் ஃபியூஸ், அடைத்த கன்வர்ட்டர். நவம்பரில் நல்ல மழை நாளில் கூப்பிட்டார்: “அண்ணே, சார்ஜ் வரல. ஆனா வண்டி ஓடுது.” வரச்சொல்லிப் பார்த்தேன். சாக்கெட்டின் ரப்பர் மூடியைப் பிய்த்துப் போட்டிருந்தார், அந்த வழியாகத் தண்ணீர் இறங்கி சாக்கெட் ஷார்ட், அதில் கன்வர்ட்டரும் போய்விட்டது. ஃபியூஸ் போயிருந்தது. ஒயரைத் தடவிப் பார்த்தேன், உருகிய தடயம்கூட இல்லை. சாக்கெட்டையும் கன்வர்ட்டரையும் மாற்றி, புது ஃபியூஸ் போட்டு, உபரியாக இரண்டை சீட்டுக்கடியில் ஒட்டிக் கொடுத்தேன்.