ஜிங்க் தேயத்தான் வேண்டும், அதற்குப் பெயின்ட் அடிக்காதீர்கள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பன், மண்டபம், ராமேசுவரம் கரைகளில் படகுகளை மேலே ஏற்றிச் சுரண்டுவார்கள், பட்டி பார்ப்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள். அடிக்கிற கையோடு, சுக்கானைத் துருவிலிருந்து காக்க அதன் பக்கத்தில் மாட்டியிருக்கும் ஜிங்க் (துத்தநாகம்) கட்டிக்கும் ஒரு கோட்டிங் விழும். பளபளவென்று இருப்பதில் எல்லோருக்கும் திருப்தி. அடுத்த தடைக்காலத்தில் பார்த்தால் ஜிங்க் அப்படியே இருக்கும், சுக்கான் தகடு சல்லடையாகியிருக்கும். உடனே, "உப்புத்தண்ணி இரும்பைத் தின்னுடுச்சு" என்று கடல்மேல் பழி. வருடா வருடம் இதையே பார்ப்பது வயிற்றெரிச்சலாக இருக்கிறது. உப்பு இரும்பைத் தின்பதில்லை ஐயா. இது புரிய அணுவுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்த்தே ஆகவேண்டும்.

இரும்பு அணுவின் கருவில் 26 புரோட்டான்கள். கருவைச் சுற்றி 26 எலெக்ட்ரான்கள், உள்ளிருந்து வெளியே 2, 8, 14, 2 என்று அடுக்கடுக்காக. எடை கிட்டத்தட்ட முழுவதும் கருவில்தான். ஆனால் அந்தக் கருவை ஒரு கடுகு என்று வைத்தால், முழு அணுவின் குறுக்களவு ஏறக்குறைய பாம்பன் புதுப் பாலத்தில் மேலே தூக்குகிற 72.5 மீட்டர் பகுதியின் நீளத்துக்கு வரும். துருவோ வேறு எந்த ரசாயன மாற்றமோ அந்தக் கடுகைத் தொடுவதே இல்லை. எல்லாம் நடப்பது வெளி விளிம்பில்.

துருப்பிடிக்கும்போது இரும்பு அணு முதலில் இழப்பது கடைசி அடுக்கின் 2 எலெக்ட்ரான்களை. இழந்தபின் அது அயனி, அதாவது மின்னூட்டம் ஏறிய அணு. தகட்டை விட்டுத் தண்ணீரில் இறங்கிவிடும். விட்டுப்போன எலெக்ட்ரான்கள் உலோகத்தின் வழியே ஓடி, தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனிடம் போய்ச் சேரும். துருவாக உதிர்ந்த பிறகும் அதே 26 புரோட்டான். அது இன்னமும் இரும்புதான். உலையில் போடுகிற இரும்புத்தாதுவே ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு என்பதை யோசித்துப் பாருங்கள்.

இனி உப்புக்கு வருவோம். சோடியத்துக்கு 2, 8, 1. குளோரினுக்கு 2, 8, 7. சோடியம் தன் கடைசி ஒன்றைக் கொடுக்க, குளோரின் அதை வாங்கி 2, 8, 8 ஆகி, குளோரைடாக அடங்கிவிடுகிறது. உப்பு உப்பாக இருக்கும்போதே இந்தக் கொடுக்கல் வாங்கல் முடிந்துபோன ஒன்று. வயிறு நிறைந்தவன் மறுபடி பந்தியில் உட்காருவானா? குளோரைடுக்கு இரும்பிடமிருந்து ஒரு எலெக்ட்ரானும் தேவையில்லை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருப்பதால் கடல்நீரில் மின்சாரம் தங்குதடையில்லாமல் ஓடுகிறது, அவ்வளவுதான். கூடவே, உலோகத்தின் மேல் காப்பாகப் படர்ந்திருக்கும் மெல்லிய படலத்தைக் குளோரைடு உடைக்கிறது. எலெக்ட்ரானை வாங்குகிறவன் ஆக்சிஜன். அதனால்தான் எப்போதும் மூழ்கிக் கிடக்கும் இடத்தைவிட, அலை அடித்து அடித்துக் காயும் இடத்தில் துரு அதிகம்.

நம்பிக்கை வரவில்லையா? இரண்டு கண்ணாடி டம்ளர் எடுங்கள். உப்புத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவைத்து, ஒன்றில் விளிம்புவரை ஊற்றி, புது ஆணி போட்டு, மேலே எண்ணெய் விட்டு மூடுங்கள். மற்றதில் குழாய்த் தண்ணீர் பாதியளவு, அதே போல ஓர் ஆணி, மூடாமல். நான்கு நாளில் உப்பில்லாத டம்ளரில்தான் துரு நன்றாகத் தெரியும்.

அடுத்து, திறந்த உப்புத் தண்ணீர் டம்ளர் இரண்டு. ஓர் ஆணியில் பழைய வயரின் செம்புக் கம்பியை இறுக்கிச் சுற்றுங்கள், இன்னொன்றில் ஜி.ஐ. தகட்டுத் துண்டை (ஜிங்க் பூசிய இரும்புத் தகடு). செம்போடு இருக்கும் ஆணி சீக்கிரம் செம்பழுப்பாகும். ஜி.ஐ. துண்டோடு இருப்பது சுத்தமாக இருக்கும். தகட்டில் மட்டும் வெள்ளை மாவு படியும். ஜிங்க் அணுவிலும் கடைசி அடுக்கில் 2 எலெக்ட்ரான்தான், ஆனால் அது இரும்பைவிடச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். செம்பு லேசில் கொடுக்காது. எனவே ஜிங்க் தன்னுடையதை இரும்புக்காகக் கொடுக்கிறது. அந்த வெள்ளை மாவுதான் உங்கள் சுக்கானின் ஆயுள்.

ஆகவே "தேயாத ஜிங்க்தான் ஒரிஜினல்" என்று கடையில் கேட்டு வாங்காதீர்கள். ஆறு மாதம் கடலில் கிடந்தும் தேயாத ஜிங்க் வேலை செய்யாத ஜிங்க். பெயின்ட் மூடிய ஜிங்க்கும் அப்படித்தான்: தண்ணீர் படாமல் அது கரையாது. நல்ல கட்டி ஒரு கிலோ, தொடர்ந்து 0.1 ஆம்பியர் கொடுத்தால், 325 நாள் வரும். பாதி கரைந்ததும் மாற்றிவிடுங்கள். பழைய ஜிங்கை இரும்புச் சட்டியில் உருக்கி வார்த்துத் தருகிறார்களே, அது வேண்டாம்: கிலோவுக்கு 50 மில்லிகிராம் இரும்பு கலந்தாலே மேலே தோல் கட்டி, கொடுப்பதை நிறுத்திவிடும்.

மாட்டும் விதம் இன்னும் முக்கியம். எலெக்ட்ரான் போவதற்கு உலோக வழி வேண்டும். கட்டி உட்காரும் இடத்தை உப்புத்தாள் போட்டு வெள்ளை இரும்பு தெரியத் தேயுங்கள். உள்ளே பட்டை வைத்து வார்த்த கட்டியாக வாங்கி அந்தப் பட்டையை வெல்டிங் செய்யுங்கள். வெறும் போல்ட் போட்டால் ஜிங்க் கரையக் கரைய லூசாகும். மல்டிமீட்டரில் ஜிங்குக்கும் சுக்கானுக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே காட்ட வேண்டும். மரப்படகிலும் ஃபைபர் படகிலும் கட்டியைப் பலகையில் அறைந்துவிட்டால் பயன் ஒன்றுமில்லை, வயர் போட்டுச் சுக்கானோடும் விசிறியைச் சுழற்றும் தண்டோடும் சேர்க்க வேண்டும். மரப்படகில் அளவுக்கு மிஞ்சியும் மாட்டாதீர்கள். போல்ட்டைச் சுற்றிக் காரத்தன்மை ஏறி மரம் பஞ்சாகிவிடும்.

தண்ணீருக்கு மேலே இருப்பதை ஜிங்க் காப்பாற்றாது. அங்கே பெயின்ட்தான் காவல். படகின் பின்னால் மாட்டும் வெளி எஞ்சினைத் தூக்கி வைத்திருக்கும்போதும் அப்படியே, நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அந்த எஞ்சினில் தண்ணீருக்குள் இறங்கும் கால் அலுமினியம்; பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட்டை அதில் தயவுசெய்து தொடவே விடாதீர்கள். டம்ளரில் செம்பு சுற்றிய ஆணி ஞாபகம் இருக்கட்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடற்கரை மணலும் உப்புக் கிணற்றுத் தண்ணீரும் கலந்த கான்கிரீட்டில் கம்பி வீங்கி, பூச்சு வெடித்து விழுவது இதே சங்கதிதான். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456 சொல்வது: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கடலோரக் காற்று படும் இடத்தில் கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் இருக்க வேண்டும். தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு அஸ்திவாரம் தோண்டுங்கள்.

பெயின்ட் அடிக்கும் தம்பிகளுக்கு: அடிக்கும் முன் ஜிங்க் மேல் ஒரு தாளை ஒட்டிவிடுங்கள். ஏற்கெனவே பெயின்ட் ஏறியிருந்தால் கம்பி பிரஷ் போட்டு வெள்ளி நிறம் தெரியும்வரை எடுங்கள். படகைத் தண்ணீரில் இறக்கும் முன் அந்தத் தாளை உரிக்க மறந்துவிடாதீர்கள்.