கிராபிக்ஸ் டிரைவர் ஏன் முரண்டு பிடிக்கிறது?

பழைய கணினியில் புதிதாக விண்டோஸ் போட்டு முடித்ததும் திரையைக் கவனித்திருப்பீர்கள். ஐகான்கள் உப்பிப்போய் நிற்கும். வீடியோவை ஓடவிட்டால் தத்தித் தத்தி ஓடும். கணினியின் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரைத் திறந்தால், கிராபிக்ஸ் கார்டின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருக்கும். சரி, கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரைப் போட்டால் தீர்ந்தது என்று கோப்பை இறக்கி ஓடவிடுகிறோம். அது பாதியில் நின்று, இந்தக் கணினியில் பொருத்தமான கிராபிக்ஸ் கார்டு இல்லை என்கிறது. கார்டோ உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடத்தில் அதே கோப்பை இன்னும் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்ப்பவர்கள்தான் அதிகம். அப்புறம் 'கார்டு போச்சு' என்று முடிவுகட்டுவார்கள். கார்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அந்தச் செய்தி என்ன சொல்கிறது என்று புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது.

டிரைவரே இல்லாதபோது திரையில் படம் எப்படி வந்தது? கணினியை ஆன் செய்தவுடன் மதர்போர்டில் உள்ள பயோஸ் என்ற தொடக்க நிரல், கார்டிலேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரலை ஓட்டி, படம் எழுத ஒரு நினைவகப் பகுதியைத் திறந்து கொடுக்கிறது. அதில் எழுதுவது திரையில் தெரியும், அவ்வளவுதான். விண்டோஸ் அந்த இடத்தில் ஒவ்வொரு புள்ளியையும் பிராசசரின் உழைப்பிலேயே எழுதுகிறது. 1920×1080 திரையில் 20,73,600 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 83 லட்சம் பைட். நொடிக்கு 60 படம் என்றால் கிட்டத்தட்ட 50 கோடி பைட். இதைப் பிராசசர் மற்ற வேலைகளோடு சேர்த்துச் செய்ய வேண்டும். வீடியோ தத்துவது இதனால்தான்.

யுஎஸ்பி கீபோர்டைச் செருகினால் உடனே வேலை செய்கிறதே, கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஏன் இப்படி என்று தோன்றலாம். கீபோர்டுகள் எல்லாம் ஒரே பொது விதிமுறைப்படி பேசுகின்றன. எந்தக் கம்பெனி செய்தாலும் 'அ' அழுத்தினால் போகும் செய்தியின் வடிவம் ஒன்றுதான். கிராபிக்ஸ் சிப்புகளுக்கு அப்படி ஒரு பொது மொழி கிடையாது. ஒரே கம்பெனியின் சிப்புகளே தலைமுறைக்குத் தலைமுறை வேறு கட்டளைகளைப் புரிந்துகொள்கின்றன. 'இங்கே ஒரு முக்கோணம் வரை' என்று விளையாட்டு கேட்பதை அந்தந்தச் சிப்பின் கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பது டிரைவர். அதனால் எல்லாச் சிப்புக்கும் ஒரே டிரைவர் என்பது நடக்காது.

அப்படியென்றால் எந்தச் சிப் என்று டிரைவருக்கு எப்படித் தெரியும்? பெட்டியில் அச்சிட்ட பெயர் அதற்குத் தெரியாது. அது பார்ப்பது எண்ணைத்தான். மதர்போர்டில் கார்டுகளுக்கென இருக்கும் பிசிஐ இணைப்பில் செருகும் ஒவ்வொரு கார்டும் இரண்டு எண்களைச் சொல்லும். ஒன்று தயாரித்த கம்பெனிக்கு, இன்னொன்று சிப்பின் வகைக்கு. இன்டெலின் எண் 8086. 1978இல் வந்த அதன் புகழ்பெற்ற பிராசசரின் பெயரும் இதுதான். ஏஎம்டி கார்டுகளுக்கு 1002. என்விடியாவுக்கு 10டிஇ (10DE); இந்த எண்களில் ஆங்கில எழுத்தும் கலந்து வரும். டிரைவரோடு வரும் ஐஎன்எஃப் கோப்பு, தனக்குத் தெரிந்த எண்களின் பட்டியலை வைத்திருக்கிறது. நோட்பேடில் திறந்தாலே படிக்கலாம். உங்கள் கார்டின் எண் அந்தப் பட்டியலில் இருந்தால் நிறுவல் நடக்கும். இல்லாவிட்டால் 'பொருத்தமான கார்டு இல்லை'.

இதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது என்விடியாவின் ஜிஃபோர்ஸ் ஜிடி 730. 2014இல் வந்தது, மலிவு என்பதால் நிறைய வீட்டுக் கணினிகளில் ஏறியது. இந்த ஒரே பெயரில் இரண்டு வேறு சிப்புகள் விற்பனையாகின. ஒன்று 2010இல் அறிமுகமான ஃபெர்மி தலைமுறை, 96 கோர் (கணக்கிடும் அலகு). இன்னொன்று 2012இன் கெப்ளர் தலைமுறை, 384 கோர். பெட்டியில் இரண்டுக்கும் ஜிடி 730தான். கேட்டால் சொல்லும் எண் மட்டும் வேறு: கெப்ளர் 1287 என்கிறது, ஃபெர்மி 0எஃப்02 (0F02) என்கிறது. ஃபெர்மிக்கான டிரைவர்கள் 2018இல் 391 வரிசையோடு நின்றன. கெப்ளருக்கு 2021இல் 470 வரிசையோடு புதிய வசதிகள் நின்று, அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வந்தன. ஃபெர்மி கார்டு வைத்திருப்பவர் 470 வரிசைக் கோப்பை எத்தனை முறை ஓட்டினாலும் அது மறுக்கத்தான் செய்யும். ஒரே பெயரில் இரண்டு சிப்பை விற்றது வாங்குபவருக்கு நியாயமில்லை என்பதே என் எண்ணம். பெயரை நம்பிக் காசு கொடுத்தவர்தானே இப்போது எண்ணைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது?

அந்த எண்ணைப் பார்ப்பது சுலபம். டிவைஸ் மேனேஜரில் கார்டின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீட்டெய்ல்ஸ் தாவல், கீழிறங்கும் பட்டியலில் ஹார்டுவேர் ஐடிஸ். 'வென்' (VEN) என்பதற்குப் பின் வரும் 4 எழுத்து கம்பெனி. 'டெவ்' (DEV) என்பதற்குப் பின் வரும் 4 எழுத்து சிப். இரண்டையும் சேர்த்துத் தேடினால் பெட்டியின் பெயரைவிடத் துல்லியமான விடை கிடைக்கும்.

பட்டியலில் எண் இல்லையென்றால் நாமே எழுதிச் சேர்த்தால் என்ன என்று சிலர் ஐஎன்எஃப் கோப்பைத் திருத்துவார்கள். உடனே இன்னொரு பூட்டு விழும். டிரைவர், இயங்குதளத்தின் கருவறைக்குள் ஓடும் நிரல். அங்கே ஒரு தவறு நடந்தால் கணினி முழுவதும் விழும். அதனால் 64 பிட் விண்டோஸ், விஸ்டா பதிப்பின் காலத்திலிருந்தே, கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பத்தைக் கேட்கிறது. ஐஎன்எஃப் கோப்பில் ஒரே ஒரு எழுத்தை மாற்றினாலும் கையொப்பம் பொருந்தாது. கையொப்பச் சோதனையை அணைத்துவிட்டு உள்ளே தள்ளினாலும் பயனில்லை. ஃபெர்மிக்குக் கட்டளை எழுதத் தெரியாத டிரைவர், எண்ணைச் சேர்த்ததால் அதைக் கற்றுக்கொண்டுவிடாது.

எண் சரி, கோப்பும் சரி, ஆனாலும் சிக்கல் என்றால் பழைய டிரைவரின் மிச்சத்தைச் சந்தேகிக்கலாம். விண்டோஸ் ஒருமுறை ஏற்ற டிரைவரின் நகலைத் தன் கிடங்கில் வைத்துக்கொள்கிறது. நீங்கள் 'அன்இன்ஸ்டால்' கொடுத்து ரீஸ்டார்ட் செய்ததும், கார்டைக் கண்டு அந்த நகலையே மறுபடி போட்டுவிடும். நீக்கும்போது, டிரைவர் கோப்புகளையும் அழிக்கவா என்று கேட்கும் சிறு கட்டத்தை டிக் செய்யாமல் விடுவதால் வரும் வினை இது. இணையம் இணைந்திருந்தால் விண்டோஸ் அப்டேட்டும் போட்டிக்கு வரும். நீங்கள் ஒன்றைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே அது வேறொன்றைப் போடும். நிறுவும்போது வைஃபையை அணைத்துவிடுங்கள், நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிடுங்கள். அப்படியும் அடங்காவிட்டால், டிடியூ என்று எல்லோரும் சொல்லும் 'டிஸ்ப்ளே டிரைவர் அன்இன்ஸ்டாலர்' என்ற இலவச மென்பொருளை, விண்டோஸ் அத்தியாவசிய நிரல்களோடு மட்டும் தொடங்கும் சேஃப் மோடில் ஓட்டித் துடைக்கலாம். சேஃப் மோடில் கிராபிக்ஸ் டிரைவர் ஓடாது, அதனால் அதன் கோப்புகளை யாரும் பிடித்துவைத்திருக்க மாட்டார்கள்.

நிறுவலின் நடுவில் திரை சில நொடிகள் இருண்டுபோகும். பழைய டிரைவர் இறங்கி, புதியது ஏறும் இடைவெளி அது. பயந்துபோய் பவர் பட்டனை அழுத்திவிடாதீர்கள். அப்போதுதான் நிறுவல் உண்மையிலேயே அரைகுறையாகும். ஐந்து நிமிடம் ஆகியும் படம் வராவிட்டால் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) நான்கையும் ஒன்றாக அழுத்திப் பாருங்கள். கிராபிக்ஸ் டிரைவரை மட்டும் மீண்டும் தொடங்கும் கட்டளை அது. யுபிஎஸ் இல்லாத வீட்டில், மின்சாரம் போய்ப் போய் வரும் நேரத்தில் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

டிவைஸ் மேனேஜரில் 'கோட் 43' என்று மஞ்சள் முக்கோணம் வந்தால் கதை வேறு. எண் பொருந்தி, டிரைவரும் ஏறிவிட்டது. ஏறியபின் ஏதோ கோளாறு என்று தெரிவிக்கப்பட்டதால் விண்டோஸ் கார்டை நிறுத்திவைத்திருக்கிறது. டிரைவரை ஒருமுறை துடைத்துப் போட்டும் மாறவில்லையென்றால் சிபியூ பெட்டியைத் திறக்கும் நேரம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கார்டைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளைப் பள்ளிப் பிள்ளைகளின் ரப்பரால் மெல்லத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, 'கிளிக்' சத்தம் கேட்கும்வரை செருகுங்கள். தனி மின் இணைப்புக் கேபிள் இருந்தால் அதையும் பாருங்கள். இரண்டாம் கையாக வாங்கிய கார்டு என்றால் இன்னொரு சந்தேகமும் வேண்டும். பழைய ஃபெர்மி கார்டில் பதிந்திருக்கும் சிறு நிரலை (கார்டின் பயோஸை) மாற்றி எழுதி, புதிய கார்டாக விற்கும் மோசடி உண்டு. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் சிப்பை நேரடியாக ஆராய்ந்து, அப்படிப்பட்டவற்றின் பெயருக்கு முன்னால் 'ஃபேக்' என்று போட்டுவிடும்.

லினக்ஸிலும் இதே கதைதான், பாத்திரங்கள் வேறு. அங்கே நூவோ என்ற திறந்தமூல டிரைவர் முதலில் கார்டைப் பிடித்துக்கொள்ளும். அதை விலக்காமல் என்விடியாவின் டிரைவர் ஏறாது. இயங்குதளத்தின் கருவறையான கெர்னலைப் புதுப்பிக்கும்போதெல்லாம் அதற்கேற்ப டிரைவரும் மறுபடி கம்பைல் ஆக வேண்டும், அதாவது மூல நிரலிலிருந்து புதிதாக உருவாக வேண்டும். அப்டேட் செய்த மறுநாள் கருந்திரை வந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

எல்லாம் சரியாகி, டிவைஸ் மேனேஜரில் கார்டின் பெயரும் வந்தபின் விளையாட்டு இன்னும் திணறுகிறதென்றால், கணினியின் பின்புறம் போய் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மேலே, யுஎஸ்பி துளைகளோடு சேர்ந்திருக்கும் எச்டிஎம்ஐ துளை மதர்போர்டுடையது. கார்டின் துளை அதற்குக் கீழே தனியாக, படுக்கைவாட்டில் இருக்கும். கேபிளை அங்கே மாற்றிச் செருகுங்கள்.