ஐடில்: வெற்றோட்டமும் சிற்றோட்டமும்

படகு என்ஜின் ‘ஐடிலில் நிற்கவில்லை’ என்றால் எந்த மெக்கானிக்குக்கும் உடனே புரியும்; வேகம் கொடுக்காதபோது என்ஜின் தானாக ஓடிக்கொண்டிருக்கும் குறைந்த சுற்றுதான் ஐடில். அதைத் தமிழில் எழுதப் போகும்போதுதான் சிக்கல். ‘செயலற்ற வேகம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது. நிமிடத்துக்கு 700 சுற்று ஓடும் நாலு ஸ்ட்ரோக் என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறையாக 350 முறை வெடிக்கிறது, அதாவது நொடிக்கு ஏறக்குறைய ஆறு முறை. இதைப் போய் செயலற்றது என்றால் அந்த பிஸ்டன்கள் கோபித்துக்கொள்ளும்.

ஆங்கிலச் சொல்லின் வேர் சோம்பல் அல்ல, வெறுமை. பழைய ஆங்கிலத்தில் ‘ஈடெல்’ என்றால் உள்ளே ஒன்றும் இல்லாதது, பயனற்றது. படைப்பின் தொடக்கத்தில் பூமி வெறுமையாய்க் கிடந்ததைச் சொல்ல அக்கால ஆதியாகம மொழிபெயர்ப்பில் இந்தச் சொல்லைத்தான் போட்டார்கள். ஜெர்மனில் இதன் உறவுக்காரச் சொல்லான ‘ஐட்டல்’, இன்று தன் அழகில் மயங்கித் திரியும் வீண்பெருமைக்காரரைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் பொருள் வேறு பக்கம் போனது: வெறுமை, பயனின்மை, வேலையில்லாமை, சோம்பல். என்ஜினுக்கு இந்தச் சொல் வந்தபோது பழைய பொருள்தான் பொருந்தியது. எரிக்கிற பெட்ரோல் எல்லாம் தன் உராய்வைத் தாண்டவும், கூடவே சுழலும் பம்பு, ஆல்டர்னேட்டர் போன்றவற்றை ஓட்டவுமே போகிறது. வெளியே தரும் வேலை வெறுமை.

சரி, தமிழில்? ‘சும்மா ஓடுகிறது’ என்று பேச்சில் சொல்வோம். நல்ல சொல்தான், ஆனால் ‘சும்மா வேகம்’ என்று கையேட்டில் எழுத முடியாது. இதற்குப் பக்கத்தில் ஒரு பழைய சொல் கிடக்கிறது: வறிது. புறநானூற்றின் 30ஆம் பாட்டில் ‘வறிது நிலைஇய காயம்’ என்று வருகிறது, எந்தப் பற்றுக்கோடும் இல்லாமல் தானாக நிற்கும் வானம். எதோடும் இணையாமல் நியூட்ரலில் ஓடும் என்ஜினும் அப்படித்தானே? தொல்காப்பியமோ ‘வறிது சிறிது ஆகும்’ என்று இன்னொரு பொருளும் தருகிறது. வெறுமை, சிறுமை இரண்டும் ஒரே சொல்லில்.

படகுக்காரர்களுக்கு இந்த இரண்டு பொருளும் வேண்டும். காரில் கிளட்சை மிதித்துவிட்டால் என்ஜின் தனியே ஓடும். படகிலோ நியூட்ரலில் மட்டும்தான் அந்தத் தனிமை. கியரைத் தள்ளிவிட்டால், வேகம் கூட்டும் த்ராட்டிலைத் தொடாவிட்டாலும் புரொப்பெல்லர் சுற்றும், படகு மெல்ல நகரும். அதையும் ஐடில் என்றே சொல்கிறார்கள். ஆனால் அங்கே என்ஜின் தண்ணீரைத் தள்ளுகிறது, வேலை செய்கிறது. வறிது இன்று வழக்கில் இல்லாததால், நான் இரண்டாகப் பிரிப்பேன். நியூட்ரலில் ஓடுவது வெற்றோட்டம், கியரில் குறைந்த சுற்றில் ஓடுவது சிற்றோட்டம். வெற்றிடம், சிற்றூர் மாதிரியான புணர்ச்சிதான், நாக்குக்குப் புதிதல்ல.

அடுத்து, ஐடில் சீராக இல்லாததை ‘ரஃப் ஐடில்’ என்கிறார்களே, அந்த ‘ரஃப்’. அகராதியைப் பார்த்து ‘கரடுமுரடான’ என்று போடுவது தவறு. அது சாலைக்கும் மரப்பலகைக்கும் உரிய சொல். என்ஜின் நோய்களுக்குத் தமிழில் ஏற்கெனவே தனித்தனி வினைகள் உண்டு: உதறுகிறது, ஏறி இறங்குகிறது, திணறுகிறது. மூன்றும் ஒன்றல்ல. சீரான இடைவெளியில் உதறினால் ஒரு சிலிண்டர் வெடிக்காமல் விடுகிறது: ஸ்பார்க் பிளக், காயில், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் இவற்றில் ஒன்று. ஏறி இறங்கினால் காற்றின் கணக்கு தவறுகிறது. அணையப் போவது போல் திணறினால் காற்றோ எரிபொருளோ போதவில்லை. மெக்கானிக்கிடம் ‘ரஃப்பா ஓடுது’ என்பதைவிட இந்த மூன்றில் ஒன்றைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது.

இன்ஜெக்‌ஷன் என்ஜினில் வெற்றோட்டத்தைக் காப்பது கணினி. காற்று வழியை அடைக்கும் த்ராட்டில் தகடு ஏறக்குறைய மூடியிருக்க, பல என்ஜின்களில் பக்க வழியாக ஒரு சிறு வால்வு காற்றை அளந்து விடும். அப்போது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்து அனுப்பும் மேனிபோல்டுக்குள் அழுத்தம் வெளிக்காற்றில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். வெற்றோட்டத்தில் வெற்றிடம் மிகுதி, சொல்லும் பொருளும் இங்கே கைகோக்கின்றன. ஒரு கேஸ்கெட்டிலோ ரப்பர் குழாயிலோ சிறு விரிசல் இருந்தாலும் கள்ளக்காற்று உள்ளே பாயும். வேகம் கூடியதும் த்ராட்டில் வழியே வரும் காற்றுக்கு முன்னால் இந்தக் கசிவு ஒன்றுமில்லை. அதனால்தான் நிற்கும்போது ஆடுகிற என்ஜின் ஓடும்போது வழுவழுவென்று ஓடும். எரிபொருள் பம்பு தளர்ந்தாலோ பில்டர் அடைத்தாலோ பெரும்பாலும் நேர்மாறு: வேகத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

கார்புரேட்டர் காலப் பழக்கத்தில் த்ராட்டில் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலை ஏற்றுபவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது கணினிக்குப் பொய் சொல்வது; த்ராட்டில் சென்சாரின் கணக்கும் கெடும். எது குற்றவாளி சிலிண்டர் என்று பார்க்க, இன்ஜெக்டர் கனெக்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டுங்கள். எதைக் கழற்றும்போது சுற்று குறையவில்லையோ, அதுதான். படகுக்கு உள்ளே பதிந்த என்ஜினாக இருந்தால் அதற்கு முன் என்ஜின் அறைக் காற்றை வெளியேற்றும் புளோயரை ஓட விடுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடியில் தேங்கும். கசிவு தேட எரியக்கூடிய ஸ்பிரே அடிக்கும் காரேஜ் வித்தையும் அங்கே கூடாது.

படகின் பின்புறம் வெளியே மாட்டும் அவுட்போர்டு என்ஜினில் இன்னொரு குழப்பம். கரையில், குளிர்விக்கத் தண்ணீர்க்குழாய் மாட்டி ஓட்டும்போது புகைக்கு எதிரழுத்தம் இல்லை, புரொப்பெல்லருக்குச் சுமையும் இல்லை. அங்கே சமர்த்தாக ஓடிய என்ஜின் தண்ணீரில் இறங்கியதும் ஆடலாம். ஆகவே குறிப்பேட்டில் ‘ஐடில் சரியில்லை’ என்று எழுதாமல், ‘தண்ணீரில், சூடான பிறகு: வெற்றோட்டத்தில் ஏறி இறங்குகிறது, சிற்றோட்டத்துக்குத் தள்ளினால் திணறி அணைகிறது’ என்று எழுதலாம். படித்தவர் முதலில் அந்தக் காற்று வால்வைத்தான் கழற்றிப் பார்ப்பார், கரி அடைத்திருக்கிறதா என்று.