எலி கடிக்கவே இல்லையே, டாக்டரம்மா!

இந்த மழைக்கு எலிக்காய்ச்சலோடு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். ரங்கூன் நகர நடுவில், ஆறு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் மளிகைக்கடை வைத்திருப்பவர். வயது நாற்பதுக்குள். இரண்டு பேர் தாங்கிப் பிடித்து அழைத்து வந்தார்கள். கண்ணில் மஞ்சள், அதன் மேல் சிவப்பு. ஆனால் பூளை இல்லை. கெண்டைக்காலை லேசாக அமுக்கினேன், கத்திவிட்டார். முந்தின நாளிலிருந்து சிறுநீரும் சரியாகப் போகவில்லை.

சாக்கடைத் தண்ணீரில் இறங்கினாரா என்று கேட்டேன். மனைவி முந்திக்கொண்டார். "பத்து நாளைக்கு முன்னாடி பின்சந்து அடைச்சுக்கிச்சு, இவர்தான் இறங்கி அள்ளினார். ஆனா எலி எதுவும் கடிக்கவே இல்லையே, டாக்டரம்மா!"

எலிக்காய்ச்சல் என்று பெயர் வைத்தவரைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருக்கிறது. கடியைத் தேடாதீர்கள். இது எலியின் பல்லில் இருந்து வருவதில்லை, மூத்திரத்தில் இருந்து வருகிறது. லெப்டோஸ்பைரா என்ற கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருக்கும். எலிக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு ஓடியாடிக்கொண்டு மாதக்கணக்கில் கிருமியை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அது சாக்கடையில் கலக்கிறது; சாக்கடை பொங்கித் தெருவுக்கு வருகிறது; தெருவில் நீங்கள் நிற்கிறீர்கள். பித்தவெடிப்பு, சேற்றுப்புண், சின்னச் சிராய்ப்பு, இதில் ஏதாவது ஒன்று போதும் அது உள்ளே நுழைய. கண்ணில் தெறித்தாலும் போதும். எலியை நீங்கள் பார்த்திருக்கவே வேண்டாம். தண்ணீர் கறுப்பாக இருக்கவேண்டும் என்பதும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், எலி கடித்தால் அன்றிரவே ரேபிஸ் ஊசி கேட்டு ஓடி வருகிறார்கள். எலியால் ரேபிஸ் வருவது மிக மிக அபூர்வம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வாருங்கள், டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று பார்க்கலாம். அதே ஆள்தான் முழங்கால் தண்ணீரில் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பார்!

"எங்க வீட்ல பூனை இருக்கு" என்பது அடுத்தது. நம் சந்தில் ஓடுவதில் பாதி பெருச்சாளி. அதனிடம் மோத எந்தப் பூனையும் பிரியப்படாது. (பாண்டிகூட் என்ற ஆங்கிலப் பெயரே தெலுங்கின் பந்திகொக்குதான், அதாவது பன்றி எலி.) மூஞ்சூறு எலி இனமே இல்லை, பூச்சி தின்னும் பிராணி. பிள்ளையாருக்காக அதை விட்டுவைப்பது உங்கள் விருப்பம். ஆனால் இந்தக் கிருமி அதனிடமும் இருக்கும்.

சரி, பெருச்சாளிக்குச் சோறு போடுவது யார்? முன்பக்கம் மாடியிலிருந்து கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டுச் சாப்பாட்டுப் பொட்டலத்தை மேலே இழுக்கிறோம். பின்பக்கம் அடுப்படி ஜன்னலைத் திறந்து மிச்சத்தைச் சந்தில் வீசுகிறோம். மூன்றாம் மாடியில் இருந்துகொண்டு முனிசிபாலிட்டியைத் திட்டுகிறவரையும் எனக்குத் தெரியும், அவர் ஜன்னலுக்குக் கீழே கிடக்கும் மீன்முள்ளையும் தெரியும்.

கடைக்காரர் என்னிடம் வருவதற்குள் ஐந்து நாள் போய்விட்டது. முதலில் கடையில் நாலைந்து மாத்திரையைச் சேர்த்துத் தரும் காய்ச்சல் பொட்டலம். அதில் பெரும்பாலும் ஒரு வலி மாத்திரை இருக்கும்; தள்ளாடுகிற சிறுநீரகத்தை அது இன்னும் கீழே தள்ளிவிடும். அப்புறம் கண் மஞ்சளானதும் கீழாநெல்லி. என் பாட்டியும் அரைத்தவர்தான், கேலி செய்யவில்லை. ஆனால் இது அந்த மஞ்சள் காமாலை இல்லை. முதல் இரண்டு மூன்று நாளில் வந்தால் சாதாரண, மலிவான ஆன்டிபயாடிக்கில் பெரும்பாலும் முடிந்துவிடும். அவருக்கோ டயாலிசிஸ் வரை போகவேண்டியதாயிற்று. பிழைத்துக்கொண்டார்.

இளம் டாக்டர்கள் யாராவது படித்தால் ஒரு வார்த்தை: பிளேட்லெட் குறைந்தாலே டெங்கு என்று எழுதிவிடாதீர்கள், இதிலும் குறையும். கெண்டைக்காலை அமுக்கிப் பாருங்கள்.

மே முதல் அக்டோபர் வரை தண்ணீர் தேங்கத்தான் செய்யும். சாக்கடையில் இறங்கித்தான் ஆகவேண்டும் என்றால் முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், கையுறை. ரப்பர் செருப்பு கணக்கில் வராது. காலில் புண் இருக்கிறவர் இறங்கவே கூடாது. வேறு ஆளை அனுப்புங்கள். வெளியே வந்ததும் சோப்புப் போட்டுக் குளியுங்கள். எலிப் புழுக்கையைக் காய்ந்தபடியே பெருக்காதீர்கள், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து ஊறவிட்டுத் துடையுங்கள். டின் பானத்தின் மூடியைக் கழுவாமல் வாய் வைக்காதீர்கள். பிள்ளைகள் வெள்ளத்தில் காகிதக் கப்பல் விடுவதைத் தடுக்க எனக்கும் மனசு வராது, கரையில் நின்று விடச் சொல்லுங்கள்.

தண்ணீரில் நின்று ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்திலேயே வரும், உள்ளே நுழைந்ததும் முதலில் அதைச் சொல்லுங்கள். நான் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். மழைநாளில் வாசலில் முப்பது பேர் உட்கார்ந்திருக்கும்போது, நான் கேட்க மறந்தாலும் மறந்துவிடுவேன்.