வரைபடப் பெட்டி ஏன் பாதியில் நின்றுவிடுகிறது?

இரணைமடுக் குளத்தின் நீர்மட்டம், மழைப்பதிவு, வாய்க்கால் திறக்கும் நாள் எல்லாவற்றையும் ஒரே திரையில் காட்டும் இணையப்பக்கம் ஒன்றை, கிளிநொச்சி அறிவியல் நகரில் படிக்கும் மாணவி ஒருத்தி செய்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். காலபோக விதைப்புக்கு முன் கமக்காரர்கள் பார்ப்பதற்காக. குளத்தின் வரைபடத்தை ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த இணைய வரைபடத்திலிருந்து எடுத்து ஒரு பெட்டிக்குள் பதித்திருக்கிறாள். பெட்டியைத் தலைப்பட்டையில் பிடித்து நகர்த்தலாம், மூலையைப் பிடித்துப் பெருப்பிக்கலாம். கைத்தொலைபேசியில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது. மடிக்கணினியில்தான் வில்லங்கம். பெருப்பிக்கும்போது சரியாக வருகிற பெட்டி, சிறுப்பிக்கப் போனால் நடுவில் நின்றுவிடுகிறது. அப்புறம் மவுஸ் பொத்தானை விட்ட பிறகும், சுட்டி வரைபடத்தைவிட்டு வெளியே வந்ததும் பெட்டி ஒட்டிக்கொண்டு பின்னாலேயே வருகிறது.

அவளுடைய நிரலில் கணக்குப் பிழை ஏதும் இல்லை. பொத்தானை அழுத்தினால் தொடங்கிய இடத்தைக் குறித்துக்கொள். சுட்டி அசையும் ஒவ்வொரு முறையும் வித்தியாசத்தைக் கூட்டிப் பெட்டியின் இடத்தையோ அளவையோ மாற்று. பொத்தானை விட்டால் நிறுத்து. இழுத்தல் என்பது இவ்வளவுதான். அசைவைக் கேட்கும் வேலையைத் தலைப்பட்டையிடம் விடாமல் முழு ஆவணத்திடம் கொடுத்திருக்கிறாள். அதுவும் சரிதான், ஏனென்றால் கை வேகமாகப் போனால் அந்த மெல்லிய பட்டையைவிட்டுச் சுட்டி விலகிவிடும்.

ஆனால் வரைபடம் இருப்பது ஐஃப்ரேமுக்குள். 1996இல் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 3 உடன் வந்த இந்த ஏற்பாடு, ஒரு பக்கத்துக்குள் இன்னொரு பக்கத்தை முழுசாகக் குடிவைக்கிறது. உள்ளே இருப்பது தனி ஆவணம். சுட்டி எந்த ஆவணத்தின் மேல் நிற்கிறது என்று பார்த்துத்தான் உலாவி அசைவுச் செய்தியை அனுப்புகிறது. இரணைமடுவில் இடதுகரை வாய்க்காலுக்குத் திறந்துவிட்ட தண்ணீர் வலதுகரை வயலுக்கு வராது. அதேபோல, உள் ஆவணத்துக்குப் போன செய்தி வெளி ஆவணத்துக்கு ஏறி வராது. மூலையைப் பிடித்துப் பெருப்பிக்கும்போது சுட்டி வெளிப்பக்கமாகப் போகிறது, சிக்கல் தெரிவதில்லை. சிறுப்பிக்கும்போது அது வரைபடத்தின் மேல் ஏறுகிறது, உடனே செய்தி நின்றுவிடுகிறது. பொத்தானை விட்டதும் உள்ளேதான் நடந்தது. வெளிப்பக்கம் இன்னும் அழுத்தியபடியே இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கிறது.

இது வேண்டுமென்றே போட்ட வேலி. 1995இல் நெட்ஸ்கேப் 2 கொண்டுவந்த ஒரே மூல விதிப்படி, வேறு தளத்துப் பக்கத்தின் உள்ளே எட்டிப்பார்க்க வெளிப்பக்கத்துக்கு உரிமை இல்லை. இல்லாவிட்டால் ஒரு வங்கியின் பக்கத்தைப் பதித்துவைத்து, உள்ளே நீங்கள் எதை அழுத்துகிறீர்கள் என்று எவரும் வேவு பார்க்கலாம்.

பழைய வைத்தியம், இழுக்கத் தொடங்கியதும் ஐஃப்ரேமின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு தாளைப் போர்த்துவது. ஜேகுவெரி யூஐ என்ற ஆயத்த நிரல் தொகுப்பில் இருக்கும் ஐஃப்ரேம்ஃபிக்ஸ் செய்வதும் இதைத்தான். இன்னும் சுருக்கமான வழி, இழுக்கும் நேரத்துக்கு மட்டும் ஐஃப்ரேமின் பாயின்டர்-ஈவென்ட்ஸ் பண்பை நன் (none, எதுவும் இல்லை) என்று வைப்பது. சுட்டிக்கு அப்போது ஐஃப்ரேம் இல்லாததுபோல ஆகிவிடும். இரண்டும் வேலைசெய்யும். ஆனால் பக்கத்தில் உள்ள எல்லா ஐஃப்ரேம்களுக்கும் செய்ய வேண்டும், முடிந்ததும் மறக்காமல் திருப்ப வேண்டும்.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையாக 2015இல் வந்த பாயின்டர் ஈவென்ட்ஸ் என்ற தரத்தில் செட்பாயின்டர்கேப்சர் என்று ஒன்று உண்டு. அழுத்திய கணத்தில் பிடியை, அதாவது இழுக்கப் பிடித்த தலைப்பட்டையையோ மூலையையோ, கொண்டு அதை அழைத்தால், பொத்தானை விடும்வரை எல்லா அசைவும் அந்தப் பிடிக்கே வரும், சுட்டி எதன் மேல் போனாலும். தொலைபேசியில் சிக்கல் ஏன் தெரியவில்லை என்பதற்கும் பதில் இங்கேதான்: விரல் தொட்டதும் உலாவி தானாகவே இப்படிப் பிடித்துக்கொடுத்துவிடுகிறது, மவுஸுக்கு அதைச் செய்வதில்லை. பிடிக்கு டச்-ஆக்‌ஷன்: நன் என்று போடுவதை மட்டும் விட்டுவிடக் கூடாது. விட்டால் விரலின் அசைவைப் பக்கத்தை உருட்டுவதாக எடுத்துக்கொண்டு உலாவி இழுத்தலை ரத்துச் செய்துவிடும்.

நிரல் எழுதாமலே பெட்டியின் அளவை மாற்றவிடும் சிஎஸ்எஸ்ஸின் (பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் மொழி) ரீசைஸ் பண்பைப் பாவிப்பவர்களுக்குச் சின்னதாக ஒரு தடங்கல் வரும். ஐஃப்ரேம் பெட்டியை முழுதாக நிரப்பினால் மூலைப் பிடி அதன் கீழே மறைந்துவிடும். ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டால் போதும்.

இதைவிட எரிச்சலூட்டுவது, பல பெட்டிகளில் ஒன்றை முன்னுக்குக் கொண்டுவரும்போது நடப்பது. அதற்காக ஐஃப்ரேம் உள்ள பெட்டியைக் கழற்றி ஆவணத்தின் கடைசியில் மாட்டுகிறார்கள் சிலர். கழற்றி மாட்டினால் ஐஃப்ரேம் முதலிலிருந்து மறுபடி ஏறும். வன்னியின் உட்கிராமத்தில் டேட்டா கார்ட்டில் இதைப் பார்க்கும் கமக்காரருக்கு ஒவ்வொரு தட்டலுக்கும் வரைபடம் வெள்ளையாகும். எது எதன் மேல் தெரியும் என்று சொல்லும் ஸீ-இண்டெக்ஸ் எண்ணை மட்டும் கூட்டினால் எதுவும் மறுபடி ஏறாது. வரைபடத்தின் உள்ளே தட்டியும் பெட்டி முன்னுக்கு வர வேண்டுமென்றால் அந்தத் தட்டலும் வெளியே கேட்காது. வெளிச்சாளரம் கவனத்தை இழக்கும் ப்ளர் நிகழ்வைக் கேட்டு, ஆக்டிவ்எலமென்ட் (இப்போது கவனம் பெற்றிருக்கும் உறுப்பு) எந்த ஐஃப்ரேம் என்று பார்த்துக்கொள்ளலாம்.