கிழமையைத் திருத்த வேண்டாம்

திருகோணமலையில் ஓர் அறிவித்தல் அச்சுக்குப் போகுமுன், திருத்துகிறவர் "அடுத்த கிழமை" என்பதை வெட்டி "அடுத்த வாரம்" என்று எழுதிவிடுகிறார். கேட்டால், கிழமை என்பது நாள், ஏழு நாளுக்கு வாரம்தான் சரியாம். கேட்டுக் கேட்டுப் புளித்த பாடம்.

கிழமை என்றால் உரிமை. ஆறாம் வேற்றுமைப் பொருளைத் தொல்காப்பியம் கிழமை என்கிறது. 801ஆம் குறளில் வருவது நட்புரிமை. கிழத்தி, கிழார் எல்லாம் இதே வேர். ஞாயிற்றுக்கு உரிய நாள் ஞாயிற்றுக்கிழமை. பிறப்பு அவ்வளவுதான்.

இனி வாரம். வடமொழியில் அதுவும் நாள்தான்: ரவிவாரம் ஞாயிறு, குருவாரம் வியாழன். கார்த்திகைச் சோமவாரம் பிடிக்கிறவர்கள் திங்கட்கிழமைகளில் விரதம் இருக்கிறார்களே ஒழிய, ஏழு நாளும் பட்டினி கிடப்பதில்லை. ஏழு நாளுக்கு அங்கே சப்தாகம் என்று தனிச்சொல் உண்டு. சிங்களத்துச் 'சதிய'வும் ஏழிலிருந்து வந்ததே. ஒரு நாளின் பெயர், அந்த நாள் திரும்பி வரும்வரையான காலத்துக்கும் ஆகிவந்தது இரண்டு சொல்லுக்கும் பொது. வாரம் செய்தால் வளர்ச்சி, கிழமை செய்தால் வழுவா?

மயக்கம் வரும் என்பார்கள். மருந்து உறையில் "மூன்று வேளை, ஒரு கிழமைக்கு" என்றிருந்தால் 21 குளிசை எண்ணிப் போடுவார்கள். மூன்றோடு யாரும் அனுப்புவதில்லை. நாளைக் கேட்க "இண்டைக்கு என்ன கிழமை?", ஏழு நாளைக் கேட்க "எந்தக் கிழமை?" பேச்சு இதைப் பிரித்தே வைத்திருக்கிறது. உண்மையில் ஆளை அலைக்கழிப்பது "அடுத்த வெள்ளி". புதன்கிழமை அதைச் சொன்னால் இரண்டு நாளில் வருவதா, ஒன்பது நாளில் வருவதா? "வாற வெள்ளி", "அடுத்த கிழமை வெள்ளி" என்று பிரித்து எழுதி, பக்கத்தில் திகதியையும் போட்டால் தீர்ந்தது. வாரம் என்று மாற்றுவதால் இந்தச் சிக்கலில் ஒரு முடிச்சும் அவிழாது.

வாரவெளியீடு, வார இறுதி நிலைத்துவிட்டன, இருக்கட்டும். குளிசையை மாத்திரையாக்கி, மணித்தியாலத்தை மணிநேரமாக்கி, சென்னைப் பேச்சையே தரமென்று எண்ணும் பழக்கம்தான் எரிச்சல். அதிலும் தனித்தமிழ் பேசும் சிலரே வீட்டுக் கிழமையை வெட்டி வடசொல்லை வைக்கிறார்கள்.